சாமிக்கண்ணுவின் கூடாரம்

தாம்பரத்தில் நான் வழிபடும் ஆலயத்தின் முற்றத்தில், பரிசுத்த வாரத்தின் ஒரு மாலையில் வெள்ளைத் திரை கட்டும் வழக்கம் என் சிறுவயது முதலே உண்டு. அந்நாளில் பதினாறு மில்லிமீட்டர் கருவி ஒன்று வாடகைக்கு வரும். ஒரு வருடம் 1978-இல் தெலுங்கில் வெளிவந்த ‘கருணாமயுடு’வின் தமிழ் வடிவம், மறுவருடம் லூக்கா நற்செய்தியை ஆதாரமாகக் கொண்டு 1979-இல் எடுக்கப்பட்டு, இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பேசும் ‘இயேசு’. சிலுவைக் காட்சியில் பெண்கள் விம்முவார்கள். படம் முடிந்ததும் ஜெபம். பிறகு எல்லோருக்கும் சுக்குக் காப்பி. சினிமா பார்ப்பதே பாவம் என்று உறுதியாக நம்பிய என் பாட்டி, அந்த ஒரு மாலைக்கு மட்டும் முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருப்பார். அது அவர் கணக்கில் சினிமாவாகவே சேராது.

இவ்வாண்டு சேகரக் குழுவில் ஒரு சிக்கல் எழுந்தது. எங்கள் சபை இளைஞர் ஒருவர் நாற்பது நிமிடப் படம் ஒன்றை எடுத்திருக்கிறார். பம்மல் பகுதியில் தோல் பதனிடும் தொழிலில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர், நினைவு தப்பிய தம் மனைவியைப் பராமரிப்பதுதான் கதை. வேத வசனம் ஒன்றுகூட அதில் ஒலிப்பதில்லை. சிலுவை ஒரே ஒரு காட்சியில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், சுவரில் தொங்குகிறது. இதைப் பரிசுத்த வாரத்தில் திரையிடலாமா என்று கேட்டபோது, இது கிறிஸ்தவப் படமே அன்று எனப் பெரியவர்கள் இருவர் மறுத்துவிட்டனர். குழுவில் நானும் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அந்த உறுத்தலோடு ரயில்வே மேம்பாலத்தைக் கடந்து வீடு திரும்பும்போது நினைவுக்கு வந்தவர்தான் சாமிக்கண்ணு வின்சென்ட்.

தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டிய முதல் தமிழர் என்று திரை வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுவார்கள். அவர் ஊர் ஊராகக் கொண்டுசென்ற சுருள்களில் முதன்மையானது கிறிஸ்துவின் வாழ்க்கை. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள் கண்ட முதல் சலனப்படத்தின் நாயகன் இயேசு என்பது, கிறிஸ்தவர்களுக்கே இன்று அதிகம் தெரியாத செய்தி.

அவர் 1883 ஏப்ரல் 18 அன்று கோயம்புத்தூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். எனக்கு அவருடைய பெயரே ஒரு வரலாறாகத் தோன்றும். சாமிக்கண்ணு என்பது எந்தச் சமயத்துத் தமிழ் வீட்டிலும் வைக்கக்கூடிய பெயர். வின்சென்ட் என்பது ஏழைகளுக்குத் தொண்டாற்றிய பிரெஞ்சு நாட்டுப் புனிதரை நினைவூட்டும் பெயர். இரண்டையும் முரணின்றிச் சுமந்தவர், பிற்காலத்தில் செய்த தொழிலிலும் அப்படியே நடந்துகொண்டார்.

திருச்சியில், தென்னிந்திய ரயில்வேயில் அவர் டிராப்ட்ஸ்மேனாகப் பணியாற்றினார். மாதச் சம்பளம் இருபத்தைந்து ரூபாய். 1905-இல், அவருக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் இலங்கை வழியாகப் படம் காட்டிக்கொண்டே திருச்சிக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் நோயுற்றார். பயணத்தைத் தொடர முடியாமல், தம் படக்கருவியையும் சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப எண்ணினார். வாங்க முன்வந்தவர் சாமிக்கண்ணு. விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அதாவது அவருடைய ஏறத்தாழ ஏழாண்டுச் சம்பளம். ரயில்வே உத்தியோகம் என்பது அக்காலத்தில் ஒரு குடும்பத்தின் பல தலைமுறைக் கனவு. அதை உதறிவிட்டு, ஐரோப்பியர் ஒருவர் நோயோடு கைவிட்ட பெட்டிகளோடு தெருவில் இறங்குவதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. நல்ல கண்ணும் வேண்டும். திரையைப் பார்க்கும் கூட்டத்தின் முகத்தையும் அவர் பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாங்கிய சுருள்களுள் ‘இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கை’யும் இருந்தது. அக்காலத்தில் உலகெங்கும் சுற்றிவந்த கிறிஸ்து படங்களில், பிரான்சின் பாதே நிறுவனம் 1902 முதல் 1905 வரை பகுதி பகுதியாக உருவாக்கியது மிகவும் பேர்பெற்றது. பிறப்பு, தண்ணீர்மேல் நடத்தல், கடைசி இராப்போஜனம், சிலுவை, பரமேறுதல் என ஒவ்வொன்றும் தனித்தனிக் காட்சி. மேடை நாடகம்போல ஒரே இடத்தில் நிற்கும் கேமரா. அச்சு வெட்டி, படத்தின்மீதே வண்ணமும் ஏற்றியிருந்தார்கள். வேண்டிய காட்சிகளை மட்டும் தனியாகவும் வாங்கலாம். படம் காட்டுபவருக்கு அது எவ்வளவு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கூடாரத்துக்குள் நடந்ததை இன்று கற்பனை செய்வது கடினம். மின்சாரம் பெரும்பாலான ஊர்களுக்கு எட்டாத காலம். சுண்ணாம்புக் கட்டியின்மீது வாயுச் சுடரைப் பாய்ச்சினால் அது வெள்ளையாகக் கனன்று ஒளிவிடும். அந்த ஒளியில்தான் அந்நாளைய ஊர்சுற்றிகள் பலர் படம் காட்டினார்கள். கருவியைக் கையால் சுழற்ற வேண்டும். நொடிக்குப் பதினாறு படங்கள் என்ற கணக்கில் ஒரு நொடிக்கு ஓர் அடிச் சுருள் ஓடும். ஆயிரம் அடி, பதினேழு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். கை தளர்ந்தால் திரையில் அப்போஸ்தலர்கள் தள்ளாடுவார்கள். கை விரைந்தால் ஓடுவார்கள். ஒரே கருவி என்பதால், அடுத்த சுருளை மாட்டும் வரை இருட்டு. சுருளோ தீப்பற்றினால் அணைக்க முடியாத நைட்ரேட். 1897-இல் பாரிஸ் நகரில் கத்தோலிக்கச் சீமாட்டிகள் நடத்திய தர்மச் சந்தையில், படக்கருவியின் ஈதர் விளக்கிலிருந்து தீ பரவி நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். திருச்சபைக்கும் சினிமாவுக்கும் இருந்த உறவின் தொடக்க நாள்களிலேயே அப்படியொரு சாம்பல் நாள் உண்டு. சாமிக்கண்ணு வாங்கிய தொழில் இத்தகையது.

பேசாப் படத்தைப் பார்க்க வந்த தமிழர்களுக்குத் திரை புதிது. ஆனால் அதன்முன் அமரும் பழக்கம் முற்றிலும் புதிதன்று. கத்தோலிக்க ஊர்களில் புனித வாரத்தில் விடிய விடியப் பாஸ்கா நடப்பதுண்டு. பாடுகளின் வரலாற்றை நடித்தும், பெரிய உருவங்களை அசைத்தும் காட்டுவார்கள். வியாகுலப் பிரசங்கம் கேட்டு ஊரே அழும். புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் மாய விளக்கைக் கிராமத்துக்குச் சுமந்துசென்று, சுவரில் விழும் ஒவ்வொரு படத்துக்கும் உபதேசியாரை நின்று விளக்கம் சொல்ல வைத்தார்கள். பிற்காலத்துப் பேசாப் படக் கொட்டகைகளில் திரைக்கருகே நின்று கதை சொன்னவர், ஒருவகையில் அந்த உபதேசியாரின் வாரிசுதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாஸ்காவும் மாய விளக்கும் நடந்தவை சபையின் கண்காணிப்பில். சாமிக்கண்ணுவின் கூடாரத்தில் பாதிரியார் இல்லை. ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காசு கொடுத்த எவரும் வந்தார்கள். வந்தவர்களில் மிகப் பலர் கிறிஸ்தவர் அல்லர்.

அப்படிப் பார்த்தவர்களின் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு நமக்குத் தெளிவான ஒரு சான்று பம்பாயில் கிடைக்கிறது. தாதாசாகேப் பால்கே அங்கு ஒரு கொட்டகையில் கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பார்த்தார். திரையில் கிறிஸ்து அசைந்துகொண்டிருக்க, அவருடைய உள்ளத்தில் கிருஷ்ணரும் ராமரும் அசைந்தார்கள். 1913-இல் வந்த ‘ராஜா ஹரிச்சந்திரா’ அந்த மாலையின் விளைவு. இந்திய சினிமாவின் பிறப்புக்கு ஒரு சுவிசேஷப் படம் காரணமாக இருந்தது. ஆனால் சுவிசேஷகர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடிய வகையில் அன்று. பால்கே திரைக்கு முன்னால் அமர்ந்து பார்த்தது எந்த வரலாற்றையோ, அதே வரலாற்றைத்தான் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே கருவியின் பின்னால் நின்று சாமிக்கண்ணு சுழற்றிக்கொண்டிருந்தார்.

அவர் சென்ற தூரம் வியப்பளிக்கிறது. தமிழகத்து ஊர்களிலும் மலையாளக் கரையிலும் தொடங்கி, வடமேற்கே பெஷாவர் வரை போனார்; கிழக்கே பர்மா, மலேயா வரை போனார். திருச்சூரில் 1907-இல் காட்டூக்காரன் வாருண்ணி ஜோசப் என்ற கிறிஸ்தவர் பயாஸ்கோப் காட்சியைத் தொடங்கியபோது, அதற்கான கருவி வின்சென்ட்டிடமிருந்து வந்ததாகக் கேரளத்தில் சொல்வார்கள். சென்னையில் எஸ்பிளனேடு பகுதியில் கூடாரமடித்து, எடிசனின் பெயரைத் தம் காட்சிக்குச் சூட்டி நடத்தினார். அதே வட்டாரத்தில் ரகுபதி வெங்கையாவும் கூடாரம் போட்டிருந்தார். இவையெல்லாம் தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்களின் உழைப்பால் மீட்கப்பட்ட செய்திகள். அவர்கள் தோண்டி எடுக்காவிட்டால் சாமிக்கண்ணு ஒரு தெருக் கதையாக மறைந்திருப்பார்.

திருச்சியிலிருந்து சென்னைக்கு அன்று வந்த மீட்டர் கேஜ் பாதை, விழுப்புரம், செங்கற்பட்டு கடந்து எங்கள் தாம்பரம் வழியாகத்தான் எழும்பூரை அடைந்தது. மின்சார ரயில் வருவதற்கு (அது 1931-இல் வந்தது) கால் நூற்றாண்டுக்கு முந்தைய தாம்பரம்: ஏரிகளும் பனைகளும் நிறைந்த சிறு ஊர். தொலைவில் பரங்கிமலை. அந்த ரயில் ஒன்றின் பெட்டியில், தகரப் பெட்டிக்குள் சுருட்டிய கிறிஸ்துவோடு ஒரு முன்னாள் ரயில்வே ஊழியர் இவ்வழியே போயிருப்பார் என்று எண்ணும்போது, தினமும் கேட்டுச் சலித்த நடைமேடை அறிவிப்பும் எனக்கு வேறுவிதமாக ஒலிக்கிறது.

ஊர்சுற்றி அலுத்தவர் 1914-இல் கோவையில் நிலைகொண்டார். வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். தமிழ்நாட்டின் தொடக்ககாலத் திரையரங்குகளுள் அது ஒன்று. படம் காட்ட வேண்டிய மின்சாரத்தை அவரே உண்டாக்கிக்கொண்டார்; உண்டாக்கியதை வீணாக்காமல் அச்சகத்துக்கும் அரைவை ஆலைக்கும் பயன்படுத்தினார். கோவைக்காரர்களின் தொழில் சாமர்த்தியம் என்று நாம் சொல்லும் குணம் அவரிடம் முழுமையாக இருந்தது. பக்திமானாக மட்டும் அவரைச் சித்திரிக்க விரும்புவோர் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. கிறிஸ்துவின் வாழ்க்கையை அவர் காட்டியது மக்கள் திரண்டதால். திரண்டவர்கள் காசு கொடுத்ததால். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. தொழிலை நேர்மையாகச் செய்வதே ஒருவருடைய விசுவாசத்தின் பெரும்பகுதியாக இருக்கலாம் என்பதை நம் பிரசங்கங்கள் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை.

கொட்டகைகள் பெருகிய அதே ஆண்டுகளில் திருச்சபை தயங்கியது. ஆலயங்களுக்குள் படம் காட்டுவதை 1912-இல் ரோமாபுரி தடைசெய்தது. பக்திப் படங்களுக்கும் விலக்கில்லை. பதினோராம் பத்திநாதர் 1936-இல் சினிமாவுக்கென்றே தனிச் சுற்றுமடல் எழுதினார். நல்லதற்கும் கெட்டதற்கும் அதற்கிருக்கும் ஆற்றலை ஒப்புக்கொண்டு, விசுவாசிகளை எச்சரித்த மடல் அது. இந்த அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். இருட்டில் அமர்ந்திருக்கும் மனிதனின் மனம் எவ்வளவு இளகியது என்பதைத் திருச்சபை சரியாகவே உணர்ந்திருந்தது. உணர்ந்தபின் எடுத்த முடிவில்தான் எனக்கு வேறுபாடு: திரையை ஒன்று தடுக்க வேண்டும், இல்லையேல் பிரசங்க மேடையாக்க வேண்டும் என்று அது நினைத்தது. என் பாட்டியும் அப்படித்தான் நினைத்தார்.

சாமிக்கண்ணு அப்படி நினைக்கவில்லை என்பதற்கு 1933-ஆம் ஆண்டே சாட்சி. தமிழ் பேசும் படங்கள் பிறந்து இரண்டாண்டுதான் ஆகியிருந்தது. சென்னையில் ஒலிப்பதிவு செய்யும் ஸ்டுடியோ இல்லை. பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டும். கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து சாமிக்கண்ணு தயாரித்த படம் ‘வள்ளி திருமணம்’. ‘காளிதா’ஸில் நாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமிதான் வள்ளி. முருகன் தினைப்புனத்தில் குறமகளைத் தேடிவந்து மணக்கும் கதை. நாடக மேடையில் தமிழர்கள் ஆயிரம் இரவு பார்த்தும் அலுக்காத கதை. படம் பெருவெற்றி பெற்றது. இரண்டாண்டுக்குப்பின் ‘சுபத்திரா பரிணயம்’.

இயேசுவின் வாழ்க்கையோடு தொடங்கியவர் முருகன் கதையில் வந்து நின்றதைத் தடம்மாறுதல் என்று எங்கள் குழுவின் பெரியவர்கள் சொல்லக்கூடும். எனக்கு அது ஒரே பாதையாகவே படுகிறது. முப்பதாண்டு காலம் எல்லாச் சமயத்தவரும் அவருடைய கூடாரத்துக்கு வந்து கிறிஸ்துவைப் பார்த்தார்கள். எவரும் அவரை மதம் மாற்றுபவர் என்று விரட்டியதாகச் செய்தியில்லை. தாம் பார்த்து வளர்ந்த தெய்வத்தைத் திரையில் காண அந்தக் கூட்டம் விரும்பியபோது, அதே சிரத்தையோடு அவர் அதையும் காட்டினார். விருந்துக்கு அழைத்தவர், பதில் விருந்துக்குப் போகும் மரியாதை அது. 1905-இன் திருச்சிக் கூடாரமும் 1933-இன் கல்கத்தா ஸ்டுடியோவும் அவர் கணக்கில் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்களாகவே இருந்திருக்க வேண்டும்.

அவருக்குப் பின்னும் தமிழில் கிறிஸ்தவக் கதைகள் பொதுத்திரைக்கு வந்தன. 1948-இல் கீழ்ப்பாக்கத்துச் சிட்டாடல் நிறுவனம் ‘ஞானசௌந்தரி’யை எடுத்தது, அதே கதையை ஜெமினியும் எடுத்து, சிட்டாடலின் படத்துக்கு முன் நிற்க முடியாமல் போனது. எங்கள் தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஒருகாலத்தில் வேதியியல் கற்பித்த ஜெமினி கணேசன், 1971-இல் ‘அன்னை வேளாங்கண்ணி’யில் நடித்தார். இப்படங்களைப் பார்க்க வேளாங்கண்ணிக்குத் தேர்பார்க்கப் போவதைப்போல எல்லோரும் போனார்கள். பிறகு எப்போதோ நாம் உள்ளே திரும்பிக்கொண்டோம். இன்று கிறிஸ்தவப் படம் என்றால், கிறிஸ்தவர் எடுத்து, கிறிஸ்தவர் வளாகத்தில், கிறிஸ்தவருக்கே காட்டுவது என்றாகிவிட்டது. வெளியே வரும் படங்களில் கிறிஸ்தவர் என்றால் கிடார் வாசிப்பவர், அல்லது கள்ளக்கடத்தல்காரர், அல்லது பாவமன்னிப்புக் கூண்டில் இரகசியம் கேட்கும் பாதிரியார். அதைப் பார்த்து நாம் குறைபட்டுக்கொள்கிறோம். பம்மலில் தோல் பதனிட்டு ஓய்ந்த ஒரு முதியவரை, மனைவியின் வாயில் கஞ்சி ஊட்டுபவராக ஒருவர் காட்டினால், அதில் வசனம் எங்கே என்று கேட்கிறோம்.

சாமிக்கண்ணு 1942 ஏப்ரல் 22 அன்று, ஐம்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அவர் கட்டிய கொட்டகை டிலைட் என்ற பெயரில் நெடுங்காலம் படம் காட்டியது. கொட்டகையின் பழைய பெயர் மட்டும் தெருவின் பெயராகி நிலைத்துவிட்டது. கோவை ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து வெரைட்டி ஹால் சாலைக்கு வழி கேட்டால் ஆட்டோக்காரர் உடனே தலையசைக்கிறார். யாருடைய ஹால் என்று கேட்டால் விழிக்கிறார். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் சேகரக் குழு மீண்டும் கூடுகிறது. இளைஞரின் படத்தைப் பற்றிய தீர்மானம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. இம்முறை நான் பேசுவதாக இருக்கிறேன். பரிசுத்த வாரம் கூடாது என்றால் ஈஸ்டருக்குப் பிந்திய சனிக்கிழமை ஒன்றைத் தாருங்கள் என்றும், திரையை ஆலய முற்றத்தில் கட்டாமல் வாசல் கதவுக்கு வெளியே, வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்குபவர்களுக்குத் தெரியும்படி சாலையைப் பார்த்துக் கட்ட அனுமதியுங்கள் என்றும் கேட்கப்போகிறேன். நாற்காலிக்கும் சுக்குக் காப்பிக்கும் என் பொறுப்பு.